காசு கட்டும் முன்: அமெரிக்கக் காரில் எச்டி ரேடியோவும் சாட்டிலைட் ரேடியோவும்

அமெரிக்காவுக்கு வந்து முதல் கார் எடுத்தவுடன் ஸ்க்ரீனில் ஏஎம், எஃப்எம், எச்டி, எஸ்எக்ஸ்எம் என்று நான்கு பெயர்கள் வரிசையாக நிற்கும். எது இலவசம், எதற்கு மாதாமாதம் பணம் போகும் என்று டீலர் விளக்க மாட்டார். மூன்று மாதம் எல்லாம் பாடும், நான்காவது மாதம் பாதி நின்றுபோகும், பிறகு வீட்டுக்குக் கடிதம் வரும். அதைப் பார்த்துப் பதறி, வேண்டாத திட்டத்துக்குக் கார்டு எண்ணைக் கொடுத்துவிடுபவர்கள் நிறைய. வரிசையாகச் செய்தால் இதில் குழப்பம் எதுவும் இல்லை.

1. எது எங்கிருந்து வருகிறது

எச்டி ரேடியோ உங்கள் ஊர் எஃப்எம் நிலையத்தின் அதே டவரிலிருந்து வருகிறது. பழைய அனலாக் ஒலிபரப்பின் இரண்டு பக்கமும் டிஜிட்டல் அலையை ஒட்டவைத்து அனுப்புகிறார்கள். எச்டி என்பதற்கு 'ஹை டெஃபினிஷன்' என்று பொருள் இல்லை. அது வெறும் வணிகப் பெயர். கேட்பதற்குச் சந்தா, உரிமம், பதிவு என்று ஒன்றும் கிடையாது. அதை வாங்கும் கருவி இருந்தால் போதும்.

சாட்டிலைட் ரேடியோ என்றால் இங்கே ஒரே நிறுவனம்தான்: சிரியஸ் எக்ஸ்எம். ஸ்க்ரீனில் எஸ்எக்ஸ்எம் என்று நிற்பது இதுதான். முன்பு சிரியஸ், எக்ஸ்எம் என்று இரண்டாக இருந்தவை 2008இல் ஒன்றாயின. 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வானத்திலிருந்து நேராக வண்டியின் கூரைக்கு வரும். பெரிய நகரங்களில் கட்டடங்கள் மறைப்பதால் தரையிலும் மறுஒலிபரப்பு டவர்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் நிகழ்ச்சி நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் ஒன்றேதான். உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பனியால் விடுமுறையா, பக்கத்துப் பாலம் மூடியிருக்கிறதா என்பதெல்லாம் அதில் வராது. உள்ளூர் விஷயத்துக்கு உள்ளூர் நிலையம்தான்.

கையோடு கொண்டுவந்த கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடலாம். லண்டனில் வாங்கிய டிஏபி ரேடியோவில் (அங்கத்திய டிஜிட்டல் முறை) இங்கே டிஜிட்டல் எதுவும் எடுக்காது. அதன் எஃப்எம் மட்டும் பாடும். ஆகாசவாணியின் டிஜிட்டல் ஒலிபரப்பான டிஆர்எம்மும் வேறு முறை. 2009 முடிவில் இந்தியாவில் நின்றுபோன வேர்ல்ட்ஸ்பேஸ் சாட்டிலைட் ரேடியோப் பெட்டியை யாராவது இன்னும் பத்திரமாக வைத்திருந்தால், அதற்கும் இந்தச் சாட்டிலைட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

2. கையெழுத்துப் போடும் முன் வண்டியில் சோதியுங்கள்

ஒரே மாடல் காரில் விலை குறைந்த ரகத்தில் எச்டி இல்லாமலும், அடுத்த ரகத்தில் இருந்தும் வரும். விளம்பரத் தாளை நம்பாமல், ஓட்டிப் பார்க்கப் போகும்போதே பத்து நிமிடம் ரேடியோவுக்கு ஒதுக்குங்கள்.

எஃப்எம்மில் ஊரின் பெரிய நிலையம் ஒன்றை வையுங்கள். சில விநாடிகளில் எச்டி சின்னம் ஒளிர வேண்டும். அதே நொடியில் சத்தமும் மாறும்: போர்வை போர்த்தியது போல இருந்த மேல்ஸ்வரங்கள் சட்டென்று திறந்துகொள்ளும். சின்னம் வரவே இல்லையென்றால் ரேடியோ அமைப்புக்குள் போய் எச்டி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏஎம்முக்கும் எஃப்எம்முக்கும் தனித்தனி ஸ்விட்ச் வைத்த வண்டிகளும் உண்டு.

அடுத்து சாட்டிலைட். எஸ்எக்ஸ்எம்மை அழுத்தி 0ஆம் சேனலுக்குப் போனால் பெரும்பாலான ரேடியோக்களில் 'ரேடியோ ஐடி' என்ற அடையாள எண் காட்டும். 8 எழுத்தாகவோ 12 இலக்கமாகவோ இருக்கும். போனில் படம் எடுத்துவையுங்கள். கையால் எழுதுவதென்றால் கவனம்: 8 எழுத்து ஐடியில் ஓ, ஐ, எஸ், எஃப் ஆகிய ஆங்கில எழுத்துகள் வராது. ஓ மாதிரித் தெரிவது பூஜ்யம், ஐ மாதிரித் தெரிவது 1, எஸ் மாதிரித் தெரிவது 5.

பழைய காராக இருந்தால் ஒரு கேள்வி கூடுதல். ரேடியோ இப்போதே பாடிக்கொண்டிருந்தால் அது யார் கணக்கில் பாடுகிறது? முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை எடுத்துவிட்டாரா என்று கேளுங்கள். எடுக்காவிட்டால், அவர் எந்த நாளில் நிறுத்துகிறாரோ அன்று உங்கள் வண்டியில் நிற்கும்.

3. முதலில் இலவசமானதை முழுதாகப் பயன்படுத்துங்கள்

எச்டி இருந்தும் எச்டி2 என்று ஒன்று இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஒரே அலைவரிசைக்குள் மூன்று நான்கு நிலையங்கள் ஒளிந்திருக்கும். எச்டி1 என்பது அந்த நிலையத்தின் வழக்கமான நிகழ்ச்சி. எச்டி2, எச்டி3 முற்றிலும் வேறு நிகழ்ச்சிகள். வாஷிங்டனின் 88.5இல் பொது வானொலியான டபிள்யூஏஎம்யூ எச்டி1இல் செய்தி பேச, எச்டி2இல் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை ஓடுகிறது. சில பெருநகரங்களில் இந்தி, பஞ்சாபி நிகழ்ச்சிகளும் இப்படிக் குத்தகைக்கு எடுத்த துணைச் சேனல்களில் வருகின்றன.

போகும் வழி: நிலையத்தை வைத்து, எச்டி சின்னம் நிலையாக நின்றபின் ட்யூன் குமிழை ஒரு சொடுக்கு மேலே திருப்புங்கள். அடுத்த அலைவரிசைக்குத் தாவாமல் எச்டி2 வரும். சின்னம் வரும் முன் திருப்பினால் தாவிவிடும். தானாகத் தேடும் சீக் பொத்தான் துணைச் சேனல்களில் நிற்காமல் போய்விடலாம். அதனால் பிடித்ததை ப்ரீசெட்டில் போட்டுவிடுங்கள்.

இதில் மூன்று விஷயம் எல்லோரையும் குழப்பும்.

ப்ரீசெட்டில் எச்டி2வை அழுத்தியதும் சில விநாடிகள் மௌனமாக இருக்கும். கோளாறு இல்லை. டிஜிட்டல் தரவு சேர்ந்த பிறகுதான் சத்தம் வரும். எச்டி1இல் இந்த மௌனம் தெரியாததற்குக் காரணம், அதுவரை அனலாக் பாடிக்கொண்டிருக்கும்.

ஊரை விட்டு வெளியே போகும்போது எச்டி1 மெல்ல அனலாக்குக்கு இறங்கிவிடும், பாட்டு தொடரும். எச்டி2வுக்கு இறங்குவதற்கு அனலாக் கிடையாது, ஒரேயடியாக வாய்மூடிவிடும். டிஜிட்டல் பகுதிக்குக் கொடுக்கும் சக்தி மிகக் குறைவு என்பதே இதற்குக் காரணம். ஆரம்பத்தில் அனலாக்கின் 1 சதவீதம்தான் அனுமதி; 50,000 வாட் நிலையத்துக்கு டிஜிட்டல் 500 வாட். 2010இல் இதை 10 சதவீதம் வரை உயர்த்த அனுமதி வந்தது, ஆனால் எல்லா நிலையமும் உயர்த்தவில்லை. தினமும் போகும் பாதையில் எச்டி2 எந்த இடத்தில் சாகிறது என்று ஒரு வாரம் கவனித்தால் அந்த எல்லை உங்களுக்கே பிடிபடும்.

மூன்றாவது, எச்டி1இல் ஒரே வரி இரண்டு முறை கேட்கிறது, அல்லது நடுவே ஒரு வார்த்தை விழுங்கப்படுகிறது என்றால், நிலையத்தில் அனலாக்கையும் டிஜிட்டலையும் நேரம் பொருத்தி வைக்கவில்லை. எச்டி ஒலிபரப்பு சுமார் 8 விநாடி பிந்தித்தான் வரும். அனலாக்கையும் அதே அளவு பிந்த வைத்தால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது தையல் தெரியாது. உங்களால் செய்யக்கூடியது ஒன்றே: அந்த நிலையத்தைக் கேட்கும்போது அமைப்பில் எச்டியை அணைத்துவிடுங்கள். மைதானத்தில் உட்கார்ந்து ரேடியோ வர்ணனை கேட்பவர்களும் இந்த 8 விநாடியை நினைவில் வையுங்கள். பந்து எல்லைக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் வர்ணனையாளர் கத்துவார்.

ஏஎம்மிலும் எச்டி உண்டு, ஆனால் நிலையங்கள் குறைவு. 2020 முதல் ஏஎம் நிலையங்கள் விரும்பினால் முழுக்க டிஜிட்டலுக்கு மாறலாம். மேரிலாந்தின் ஃப்ரெட்ரிக்கில் 820இல் இருக்கும் டபிள்யூடபிள்யூஎஃப்டி அதற்கு முன்பே, 2018இல், சோதனை முறையில் மாறியது. இப்படிப்பட்ட நிலையத்தைச் சாதாரண ஏஎம் ரேடியோவில் வைத்தால் வெறும் 'உஸ்ஸ்' மட்டும்தான். செட் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

4. ட்ரையல் முடியும் நாளை முதல் நாளே குறித்துவையுங்கள்

புது வண்டியோடு சிரியஸ் எக்ஸ்எம் ட்ரையல் பெரும்பாலும் 3 மாதம் வரும். பழைய கார் விற்கும் டீலர்கள் பலரும் தருகிறார்கள். உங்கள் பெயரும் முகவரியும் வண்டி எண்ணும் டீலர் வழியாகப் போய்விடுவதால் நீங்கள் தனியாக எதையும் நிரப்ப வேண்டியதில்லை.

இரண்டு வகை ட்ரையலைப் பிரித்துப் பாருங்கள். கார்டு எண் கொடுக்காமல் வண்டியோடு வந்தது, நாள் முடிந்தால் தானே நிற்கும். விட்டுவிட்டால் ஒரு காசும் போகாது. போன் செயலியிலோ இணையத்திலோ நீங்களாகக் கார்டு எண் கொடுத்துத் தொடங்கியது, நாள் முடிந்தால் தானே சந்தாவாக மாறும். இரண்டாவது வகையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முடியும் தேதிக்கு 7 நாள் முன்னால் போனில் அலாரம் வையுங்கள். அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு வாரம் சாட்டிலைட்டைத் தொடாமல் எச்டியும் எஃப்எம்மும் மட்டும் கேட்டுப் பாருங்கள். எதற்காகக் கை எஸ்எக்ஸ்எம் பொத்தானுக்குப் போனது என்று பாருங்கள். அதுதான் நீங்கள் பணம் கொடுக்கப்போகும் பொருள்.

வேலைக்குப் போய்வர அரைமணி நேரம், வாரக்கடைசியில் கடைத்தெரு என்றால் சந்தா வீண் செலவு. நெவாடா, வயோமிங் போன்ற இடங்களில் மணிக்கணக்காக எந்த எஃப்எம்மும் எடுக்காத நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்களுக்கும், லாரி ஓட்டுபவர்களுக்கும், எல்லா பேஸ்பால் ஆட்டங்களையும் கேட்கவேண்டும் என்பவர்களுக்கும் அது பணத்துக்குத் தகுந்தது. தமிழ்ப் பாட்டுக்காக மட்டும் எடுக்காதீர்கள். தமிழ் வானொலிகள் பெரும்பாலும் செயலியில் கிடைக்கின்றன. போனை வண்டியோடு இணைத்தால் வேலை முடிந்தது. அலாஸ்கா, ஹவாய் போகிறவர்களுக்குச் சாட்டிலைட் கூரைக்கு நம்பகமாக எட்டாது, அங்கேயும் செயலிதான்.

5. சந்தா எடுப்பதென்றால்: தேவையானவை, செலவு

கையில் இருக்கவேண்டியவை: ரேடியோ ஐடி, அல்லது வண்டியின் 17 இலக்க விஐஎன் எண் (ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடியின் கீழ் மூலையில் இருக்கும்), அமெரிக்க முகவரி, ஜிப் கோடு, மின்னஞ்சல், கார்டு. கனடாவில் இருப்பவர்களுக்கு அங்கே தனி நிறுவனம், தனிக் கணக்கு, தனி விலை. எல்லை தாண்டி ஓட்டினாலும் ரேடியோ பாடும். ஆனால் குடிபெயர்ந்தால் கணக்கை அந்த நாட்டுக்கு மாற்றவேண்டும்.

விலையில்தான் விளையாட்டு. முழு விலையில் உயர்ந்த திட்டம் மாதம் 20 டாலரைத் தாண்டும். அதே திட்டத்தையே முதல் வருடத்துக்கு மாதம் 5 டாலர் அளவில் சலுகையில் கொடுப்பது வழக்கம். அதாவது வருடம் 60 டாலரில் கேட்டது, 13ஆம் மாதத்திலிருந்து வருடத்துக்கு 240 டாலருக்கு மேல் ஆகிவிடும். மாறும் அன்று யாரும் கதவைத் தட்டிச் சொல்ல மாட்டார்கள்.

பேசும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: சலுகை எந்தத் தேதியில் முடியும், அதன்பின் மாதம் எவ்வளவு, மியூசிக் ராயல்டி கட்டணமும் மாநில வரியும் சேர்த்து இன்று கார்டிலிருந்து போகும் மொத்தம் எவ்வளவு, இதில் போன் செயலியும் அடங்குமா. இசைச் சேனல் உள்ள திட்டங்களில் அந்த ராயல்டி கட்டணம் விளம்பர எண்ணில் சேராமல் தனியாக வந்து நிற்கக்கூடும். மேப்பில் வரும் போக்குவரத்து, வானிலைச் சேவை பல வண்டிகளில் தனிச் சந்தா. பாட்டுச் சந்தாவோடு ஒட்டிவிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். முதலில் சொல்லும் விலைக்குத் தலையாட்டாதீர்கள். ட்ரையல் முடிந்து இரண்டு மூன்று வாரம் சும்மா இருந்தால் இன்னும் குறைத்துக் கடிதம் வருவது சகஜம்.

6. ஆக்டிவேட் செய்யும் நேரம்

பணம் கட்டிய உடனே பாடாது. சாட்டிலைட் வழியாக உங்கள் ரேடியோ ஐடிக்கு ஒரு கட்டளை வந்து சேரவேண்டும். வண்டியைக் கராஜிலிருந்து வெளியே எடுத்து, மரமோ கட்டடமோ மறைக்காத இடத்தில் நிறுத்தி, ரேடியோவை எஸ்எக்ஸ்எம்மில் வைத்து அப்படியே விடுங்கள். பெரும்பாலும் 10, 15 நிமிடத்தில் சேனல்கள் திறக்கும். திறக்காவிட்டால் நிறுவனத்தின் தளத்தில் 'ரிஃப்ரெஷ்' என்று தேடி ரேடியோ ஐடியைக் கொடுத்துக் கட்டளையை மறுபடி அனுப்பச் சொல்லலாம். இதற்குப் போன் பேசவே வேண்டாம். சில மாதம் ஓட்டாமல் போட்ட வண்டியில் சேனல்கள் காணாமல் போனாலும் இதே மருந்துதான்.

7. பழைய வண்டியில் சேர்ப்பது

எச்டி இல்லாத வண்டியில் ஸ்டீரியோவையே மாற்றவேண்டும். பெட்டியில் 'டிஜிட்டல் ட்யூனர்' என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். அது எண் காட்டும் திரை மட்டும். எச்டி ரேடியோ சின்னம் அச்சிட்டிருக்கவேண்டும். மாட்டும்போது அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: ஸ்டீரியோவின் நீலக் கம்பியை ஆன்டெனாவின் ஆம்ப்ளிஃபயருக்கு இணைக்காமல் விட்டுவிடுவார்கள். ஜெர்மன் வண்டிகளில் இது நிறைய நடக்கும். பக்கத்து டவர்கள் சுமாராக எடுக்கும், எச்டி சின்னம் மட்டும் வந்து வந்து போகும். ஸ்டீரியோவைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்தக் கம்பியைப் பாருங்கள்.

சாட்டிலைட்டுக்கு இரண்டு வழி. ஸ்டீரியோ 'சிரியஸ் எக்ஸ்எம் ரெடி' என்றிருந்தால் எஸ்எக்ஸ்வி300 என்ற சின்ன ட்யூனர் பெட்டியும் ஆன்டெனாவும் போதும். இல்லாவிட்டால் டேஷ்போர்டில் ஒட்டும் தனி ரேடியோ. இதைப் பழையதாக வாங்கினால் சார்ஜரைச் சரிபாருங்கள்: பிந்தைய மாடல்களுக்கு 5 வோல்ட் அடாப்டர், முந்தையவற்றுக்கு 12 வோல்ட். 5 வோல்ட் ரேடியோவில் 12 வோல்ட்டைச் செருகினால் கருகிவிடும்.

காந்த ஆன்டெனாவை இரும்புக் கூரையின் மேல், எல்லா விளிம்பிலிருந்தும் குறைந்தது 3 அங்குலம் உள்ளே வையுங்கள். டிக்கிக்குள்ளும் டேஷ்போர்டின் கீழும் வைத்தால் பாலம் வந்தால் மட்டுமல்ல, மரம் வந்தாலும் நிற்கும். மிச்சக் கம்பியைக் கூர்மையாக மடிக்காமல் வளையமாகச் சுற்றி வையுங்கள்.

தனி ரேடியோவின் சத்தத்தை வண்டி ஸ்டீரியோவுக்குக் கொண்டுபோக ஆக்ஸ் கம்பிதான் நல்லது. எஃப்எம் வழியாக அனுப்புவதென்றால் காலி அலைவரிசை தேடும்போது எச்டியை மறக்காதீர்கள். 93.9இல் பலமான எச்டி நிலையம் இருந்தால் அதன் டிஜிட்டல் ஓரங்கள் சுமார் 130 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரை இரண்டு பக்கமும் நீளும். 93.7உம் 94.1உம் காலி போலத் தெரியும், ஆனால் இரைச்சலாகத்தான் இருக்கும். பலமான நிலையத்திலிருந்து 0.4 மெகாஹெர்ட்ஸ் தள்ளியே வையுங்கள்.

8. வீட்டுக்குள்

கையடக்க எச்டி ரேடியோ சுமார் 100 டாலரில் கிடைக்கிறது. சங்கீன் நிறுவனத்தின் எச்டிஆர் வரிசை எளிதில் கிடைப்பது. அடுக்குமாடியில் சின்னம் வராவிட்டால், வெளி ஆன்டெனா துளை உள்ள மாடலில் டி வடிவ கம்பி ஆன்டெனா ஒன்றைப் போடுங்கள். ஒவ்வொரு கையும் சுமார் 75 சென்டிமீட்டர், ஜன்னல் ஓரமாக விரித்து ஒட்டவேண்டும். மலிவு எல்இடி பல்பையும் போன் சார்ஜரையும் பக்கத்தில் வைக்காதீர்கள். பிடித்த எச்டி2, 250 வாட்டுக்குள் இயங்கும் ட்ரான்ஸ்லேட்டர் என்ற சிறு மறுஒலிபரப்பு டவர் ஒன்றிலும் ஒலிபரப்பாகிறதா என்று நிலையத்தின் தளத்தில் பாருங்கள். இருந்தால் சாதாரண எஃப்எம் ரேடியோவே போதும்.

சாட்டிலைட்டை வீட்டில் கேட்க ஆன்டெனா தெற்கு வானத்தைப் பார்க்கவேண்டும். வடக்கு ஜன்னல் மட்டும் உள்ள வீட்டில் அந்த முயற்சியே வேண்டாம், செயலியில் கேளுங்கள்.

9. நிறுத்துவது, வண்டியை விற்பது

சந்தா ரேடியோ ஐடியோடு ஒட்டியது. உங்களோடு தானாக நடந்து வராது. சாவியைக் கொடுக்கும் முன்பே நிறுத்துங்கள், அல்லது புது வண்டியின் ஐடிக்கு மாற்றுங்கள். லீஸ் வண்டியைத் திருப்பும்போதும் அப்படியே. மறந்தால் வேறு யாரோ கேட்கும் பாட்டுக்கு உங்கள் கார்டிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கும்.

நிறுத்தும் பேச்சு நீளும். சலுகை மேல் சலுகையாக வரும். இந்த இழுத்தடிப்புக்காகவே 2023 டிசம்பரில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் இந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். அரைமணி நேரம் ஒதுக்கி, முடிந்தால் இணையத்தில் எழுதிப் பேசும் சாட்டில் செய்யுங்கள். பேசியது எழுத்தில் கையில் இருக்கும். காரணம் விளக்கத் தேவையில்லை. "இன்றோடு நிறுத்துங்கள், ரத்து எண் கொடுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். ரத்து எண், தேதி, மீதித் தொகை வருமா என்பது, மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு மாதக் கார்டு பில்லில் அந்தப் பெயர் மறுபடி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் ரத்து எண்ணோடு வங்கிக்குப் போன் செய்யலாம்.